நினைந்து வருக, தங்கிச் செல்க

(திருமழபாடி அருள்மிகு வைத்தியநாதசுவாமி திருக்கோயிலில், நந்தியெம்பெருமான் திருமண விழாவையொட்டி ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



நாளை பங்குனிப் புனர்பூசம். நந்தியெம்பெருமானுக்குத் திருமணம். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை எழுந்தருளுகிறார். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் உடன் வருகிறார்கள். நாளைக்கு இவ்வீதியில் கால் வைக்க இடம் இராது. நாளை மறுநாள் காலையில் வந்து பாருங்கள். பந்தல்காலும் வாழைமரமும் நிற்கும், ஆள் இரார். மழபாடி தன் பழைய அமைதிக்குத் திரும்பியிருக்கும். ஆண்டில் ஒருநாள் ஆரவாரம், எஞ்சிய நாளெல்லாம் அமைதி: இதுவே இவ்வூரின் இயல்பு. அந்த எஞ்சிய நாள்களைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகின்றோம்.

செல்லுமிடமெல்லாம் அன்பர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சுவாமி, கோயிலும் வேண்டும், நீரும் மணலும் வேண்டும், கூட்டமும் கூடாது. குடும்பத்தோடு இரண்டு நாள் மனம் ஆறி வர எங்கே போகலாம்?" என்பர். கேட்பவர் மனத்தில் முன்பே விடை இருக்கும். இராமேசுவரம், திருச்செந்தூர், வேதாரணியம் என்று கடற்கரைத் தலங்களையே எண்ணியிருப்பார்கள். தவறில்லை. வேதாரணியமாகிய திருமறைக்காட்டிலேதான் அப்பரும் சம்பந்தரும் திருக்கதவம் திறக்கவும் அடைக்கவும் பாடினார்கள். கடலைக் கண்டால் மனம் விரிகிறது. 'நான்' என்பது சிறுத்துப் போகிறது. ஆயினும் விடுமுறை நாளில் அங்கெல்லாம் அமைதியைத் தேடினால் கிடைப்பது அரிது.

அவர்களுக்கு நாம் சொல்லும் விடை, "மழபாடிக்கு வாருங்கள்" என்பதே. "அங்கே கடல் ஏது?" என்று வியப்பார்கள். கடல் இல்லை; ஆனால் கடற்கரை இருக்கிறது! முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடு கழனிகளுக்குப் பாயும். வடகிளையாகிய கொள்ளிடம் பெருவெள்ளத்தைத் தாங்கிச் சென்று கடலில் சேர்க்கும். ஆகவே வெள்ளக் காலம் நீங்கினால் கொள்ளிடத்தில் எங்கும் மணல். வடகரையில் மழபாடியில் நின்று தெற்கே நோக்கினால், வெண்மணற் பரப்பும் நடுவே கோடுபோல் ஒரு நீரோட்டமும் எதிர்க்கரையில் நிழல்போல் மரங்களும் தோன்றும். கிழக்கு நோக்கி ஓடும் ஆறு இவ்விடத்தில் சற்றே வடக்கு நோக்கித் திரும்புகிறது. இதனை உத்தரவாகினி என்று சிறப்பிப்பர்.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஓரிடத்தில் அமைவது அருமை. அமைந்தும் கூட்டமில்லாதிருப்பது அதனினும் அருமை. அந்த அருமை உடையது இவ்வூர்.

நினைக்க மறந்த தலம்

இவ்வூர் மறக்கப்படுவது இன்று நேற்றன்று. நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளே ஒருகால் இதனை மறந்தார் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகிறார்.

சுவாமிகள் காவிரியின் தென்பால் உள்ள தலங்களை வணங்கிக்கொண்டு திருவாலம்பொழிலுக்கு வந்து அன்றிரவு அங்கே துயில்கொண்டார். கனவில் இறைவன் தோன்றினான். மழபாடிக்கு வர நினைக்க மறந்துவிட்டாயோ என்று கேட்டான். அவ்வளவே. சுவாமிகள் விழித்தெழுந்தார், காவிரியைக் கடந்தார், வடக்கே நடந்து இத்தலத்தை அடைந்தார், பாடினார். அப்பதிகம் ஏழாம் திருமுறையில் 24ஆவதாக விளங்குகிறது.

இறைவன் கேட்ட கேள்வியைச் சற்று உற்றுநோக்க வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று அவன் கேட்கவில்லை. வருவதற்குக் கால் வேண்டும், காசு வேண்டும், காலம் வேண்டும். நோயுற்றவரால் இயலாது, முதியவரால் இயலாது, கைக்குழந்தையோடு இருக்கும் தாயால் இயலாது. அது இறைவனுக்குத் தெரியாதா? ஆகவே அவன் வரவைக் கேட்கவில்லை, நினைவைக் கேட்டான். நினைப்பதற்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டா. படுத்த படுக்கையிலும் நினைக்கலாம், அடுப்பங்கரையிலும் நினைக்கலாம். இயலாததைக் கேட்டு நம்மை வருத்துபவனல்லன் நம் பெருமான். இயன்றதையும் செய்யாதிருக்கிறோமே என்றுதான் தாயைப்போல் கேட்கிறான்.

சுந்தரரும் அக்கேள்விக்கு ஏற்பவே விடையிறுத்தார். மறந்ததற்குச் சமாதானம் சொல்லவில்லை. வழி தெரியவில்லை, ஆற்றில் வெள்ளம் என்று சாக்குச் சொல்லவில்லை. அன்னையாகிய உன்னை விட்டு வேறு யாரை நினைக்கப் போகிறேன் என்னும் கருத்தையே அப்பதிகத்தில் திரும்பத் திரும்ப அமைத்தார். கேள்வி நினைவைப் பற்றியது. விடையும் நினைவைப் பற்றியதே.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சைவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு முதன்முதலாகப் பாடம் சொல்லும் தேவாரப் பதிகங்களுள் இதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குழந்தைகள் இதனை இனிமையாகப் பாடுகிறார்கள். இப்பதிகம் எந்த ஊரில் பிறந்தது என்று அவர்களைக் கேளுங்கள். பெற்றோரையும் கேளுங்கள். பத்துப் பேரில் எத்தனை பேர் மழபாடி என்பர்? மழபாடியை நினைக்கச் சொன்ன பாட்டை உலகமெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது. மழபாடியை மட்டும் மறந்துவிட்டது! நம்பியாரூரரைக் கேட்ட கேள்வி இன்றும் நம்மை நோக்கி நிற்கிறது.

பெயரும் மூர்த்தியும்

மழபாடி என்னும் பெயருக்கு இரண்டு பொருள் கூறுவர். மார்க்கண்டேயருக்காக இறைவன் மழுப்படையை ஏந்தி ஆடிக் காட்டிய இடமாதலால் மழுவாடி என்றாகி, அது மழபாடி என மருவிற்று என்பது ஒன்று. கொள்ளிடத்தின் வடபால் நாட்டை ஆண்ட மழவர் பாடி அமைத்துத் தங்கிய ஊர் என்பது மற்றொன்று. முன்னது புராண வழக்கு, பின்னது வரலாற்று வழக்கு. இரண்டையும் பகையாக்க வேண்டுவதில்லை. பாடி என்றால் தங்குமிடம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

சோழநாட்டுக் காவிரி வடகரைத் தலங்களுள் இஃது 54ஆவது. சம்பந்தப் பெருமானுக்கு இவ்வூர்மீது மூன்று பதிகங்கள் உண்டு, அப்பரடிகளுக்கு இரண்டு திருத்தாண்டகங்கள் உண்டு, சுந்தரருக்கு ஒன்று. மூவரும் பாடிய ஊர் இது. அம்பிகை அழகம்மை, பாலாம்பிகை என இரு சந்நிதிகளில் எழுந்தருளியிருக்கிறாள். தலமரம் பனை.

இறைவனுக்கு வைத்தியநாதர் என்றும் வயிரத்தூண்நாதர் என்றும் திருநாமங்கள். புருடாமிருகம் இங்கே ஒரு சிவலிங்கத்தை நிறுவி வழிபட்டது என்றும், அதனைப் பெயர்த்துச் செல்லப் பிரமதேவன் முயன்றான் என்றும் தலபுராணம் கூறும். படைப்புத் தொழில் உடையவன் எவ்வளவோ முயன்றும் இலிங்கம் அசையவில்லை. "இஃது என்ன, வயிரத் தூணோ!" என்று வியந்து கைவிட்டான் என்பர்.

இக்கதையின் உள்ளுறை என்ன? படைப்பவன் பொருள்களைச் சேர்க்கிறான், மாற்றுகிறான், எடுக்கிறான், வைக்கிறான். அந்த வேலை சிவத்திடம் செல்லாது. நாமும் சிறு சிறு பிரமர்கள்தாம். வீடு கட்டுகிறோம், இடிக்கிறோம், ஊர் மாறுகிறோம், வேலை மாறுகிறோம்; கையில் உள்ள பேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படம் தள்ளுகிறோம். எல்லாவற்றையும் தள்ளிப் பழகிய விரல் இங்கே வந்து அசையாத ஒன்றைக் காண வேண்டும். வைத்தியநாதர் தரும் மருந்து அதுவே. ஓடி ஓடி வந்த நோய் நின்றால்தான் தீரும்.

பொத்தகத்தில் ஏறிய கல்வெட்டு

இனி ஒரு வரலாற்றுச் செய்தி. தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன், தன் 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழ கி.பி. 1013இல், மழபாடிக் கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு ஆணையிட்டான். பிரிக்கும் முன் ஒரு வேலை செய்யச் சொன்னான். சுவர்களில் இருந்த பழைய கல்வெட்டுகளை எல்லாம் ஒரு பொத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். திருப்பணி நிகழ்ந்தபின், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், பொத்தகத்திலிருந்த அவ்வாசகங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. அவை இன்றும் இத்திருக்கோயிலில் உள்ளன.

அன்பர்களே, இதன் பெருமையை எண்ணிப் பாருங்கள். ஈழம் முதலிய நாடுகளை வென்ற பேரரசன். தன் பெயரால் புதுவிமானம் எழுப்புகிறான். பழைய கல்லைப் புரட்டிப் போட்டு அதன்மேல் தன் மெய்க்கீர்த்தியை மட்டும் வெட்டியிருந்தால் கேட்பவர் யார்? ஆனால் அவன் அப்படிச் செய்யவில்லை. கோயிற் சுவரில் இருப்பவை எவை? விளக்கெரிக்க ஆடு விட்டவர், பூசைக்கு நிலம் விட்டவர், பொன் கொடுத்தவர் என இவர்களுடைய தருமங்கள். அவர்கள் அரசனுக்கு முன்பே மறைந்தவர்கள். அவர்தம் தருமம் மறக்கப்படலாகாது என்று பேரரசன் எண்ணினான். நினைக்க மறவாமை என்பது பாட்டில் மட்டுமன்று, கல்லிலும் இவ்வூரில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர்களுக்கு இருந்த இந்த எச்சரிக்கை நமக்கு உண்டா? திருப்பணி என்னும் பெயரால் எத்தனையோ ஊர்களில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசினோம். மணலை வேகமாக வீசும் பொறிகொண்டு கல்லைத் தேய்த்து எழுத்தை அழித்தோம். பளபளப்பாகிவிட்டது என்று மகிழ்ந்தோம். கல் பளபளத்தது, தருமம் மறைந்தது. மழபாடிக்கு வருபவர் சந்நிதியில் வணங்கிய பின் சுவரையும் ஒருமுறை வலம் வந்து பாருங்கள். எழுத்துப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. இவை நமக்கு முன் நினைத்தவர்களுடைய நினைவு என்று கைகூப்புங்கள்.

நந்தியெம்பெருமான் திருமணம்

இனித் திருமணத்துக்கு வருவோம். சிலாத முனிவர் மகப்பேறின்றி ஐயாற்றில் தவம் கிடந்தார். வேள்விக்கு நிலத்தை உழும்போது ஒரு பேழை கிடைக்கும் என்று இறைவன் அருளினான். அவ்வாறே உழுசாலில் பேழை கிடைத்தது; அதனுள்ளே குழந்தை. ஆயுள் பதினாறு என்று அறிந்த அப்பிள்ளை ஐயாறப்பர் குளத்தில் நின்று தவம் செய்தது. நீர்வாழ் உயிர்கள் உடலைத் தின்றன, தவம் கலையவில்லை. இறைவன் தோன்றி ஐந்து புனிதநீரால் முழுக்காட்டிப் புண்ணை ஆற்றினான்; கணங்களுக்குத் தலைமை தந்தான்; திருமணத்தையும் தானே முன்னின்று முடித்தான். பெண் யார்? வியாக்கிரபாத முனிவர் திருமகள் சுயசாம்பிகை. மணம் நிகழ்ந்த ஊர் எது? இந்த மழபாடி.

திருமணத்துக்குச் சுற்றுப்புறத் தலங்கள் சீர் செய்தன. திருப்பழனம் பழம் தந்தது. திருச்சோற்றுத்துறை சோறு தந்தது. திருவேதிகுடி வேதியரைத் தந்தது. திருக்கண்டியூர் அணிகலன் தந்தது. திருப்பூந்துருத்தி பூத் தந்தது. திருநெய்த்தானம் நெய் தந்தது. அந்த உதவிக்கு நன்றி செலுத்தவே சித்திரையில் ஐயாறப்பர் ஏழூருக்கும் எழுந்தருளுகிறார். செய்ந்நன்றி மறவாமையையும் இறைவனே நடந்து காட்டுகிறான்.

"நந்தி கல்யாணம் முந்திக் கல்யாணம்" என்று நம் ஊர்களில் வழங்குவர். இம்மணத்தைக் கண்டவர்க்கு மணம் விரைவில் கூடும் என்பது நம்பிக்கை. நாளை வரும் கூட்டத்தில் மணமாகாத பிள்ளைகளின் பெற்றோரே மிகுதி. வரட்டும். கவலை உள்ளவர் தந்தையிடம் வராமல் வேறு யாரிடம் செல்வார்? ஆனால் ஒன்று கேட்கின்றோம். நாளைய மணமகன் யார் என்று அறிந்து வருகிறீர்களா?

அவர் நம் குருமரபின் முதல்வர். சிவஞானபோதப் பொருளைச் சீகண்ட பரமசிவனிடம் கேட்டவர் நந்தியெம்பெருமான். அவரிடம் சனற்குமாரரும், சனற்குமாரரிடம் சத்தியஞான தரிசனிகளும், அவரிடம் பரஞ்சோதி முனிவரும், பரஞ்சோதி முனிவரிடம் மெய்கண்ட தேவரும் கேட்டனர். திருமூலரும் நந்தியருள் பெற்றவர். தமிழ்நாட்டுச் சைவம் முழுவதும் அவர் திருவாயிலிருந்து வந்தது. அத்தகைய குரு பட்டுத் தலைப்பாகை அணிந்து மாப்பிள்ளையாக வருகிறார் என்றால், இல்லறத்தில் நின்றே ஞானம் பெறலாம் என்று நமக்கு அறிவுறுத்துவதற்கன்றோ?

இன்னொன்றையும் காண்க. நாளை ஒருநாள்தான் அவர் வீதியில் வருகிறார். மற்ற நாளெல்லாம் எங்கே இருக்கிறார்? எந்தக் கோயிலுக்குச் சென்றாலும் இறைவனுக்கு எதிரே அமர்ந்திருக்கிறார். கண் இமைப்பதில்லை; இடம் பெயர்வதில்லை. ஒருநாள் நடக்கிறார், ஆண்டெல்லாம் அமர்ந்திருக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? ஒருநாள் அமர்கிறோம், ஆண்டெல்லாம் ஓடுகிறோம். தலயாத்திரை செய்பவர்க்கு ஆசிரியர் நந்தியெம்பெருமானே. எப்படி நோக்க வேண்டும், எப்படித் தங்க வேண்டும் என்பதை அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மணலும் தீர்த்தமே

மூர்த்தியும் தலமும் சொன்னோம். இனித் தீர்த்தம். இவ்வூரில் தீர்த்தம் என்பது நீர் மட்டுமன்று, மணலும் தீர்த்தமே. இதனை உணர்ச்சிக்காகக் கூறவில்லை. இயற்கையின் ஏற்பாடே அப்படித்தான். ஆற்று மணல் ஒரு பெரிய நீர்த்தொட்டி. வெள்ளக் காலத்தில் உள்வாங்கி வைத்துக் கோடையில் மெல்ல மெல்லக் கொடுக்கும். கொடுக்கும்போதே வடிகட்டியும் கொடுக்கும்.

நம் இளமையில், பங்குனி வெயிலில் இம்மணலில் நடந்திருக்கின்றோம். கால் சுடும். தாகம் எடுத்தால் எம் ஆசிரியர் ஓரிடத்தில் அமர்ந்து முழங்கை ஆழம் மணலைக் கையால் தோண்டுவார். சிறிது நேரம் பொறுக்கச் சொல்வார். கலங்கல் அடங்கியதும் கண்ணாடி போல் நீர் நிற்கும். அள்ளிக் குடித்துவிட்டு, "நூலும் இப்படித்தான் அப்பா, அவசரப்பட்டு அள்ளினால் சேறு, பொறுத்தால் தெளிவு" என்பார். உள்ளங்கை நீரில் ஒரு பாடம் முடிந்துவிடும்.

இன்று அந்த மணலுக்கு வந்த கேட்டை யாவரும் அறிவர். காவிரியிலும் கொள்ளிடத்திலும் எத்தனையோ இடங்களில் பொறி வைத்து வாரினார்கள். வண்டி வண்டியாக மணல் போயிற்று. ஆறு ஆயிரம் ஆண்டு சேர்த்ததை நாம் ஒரு தலைமுறையில் செலவழிக்கிறோம். படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளில் நீர் தாழும். பாலத்தின் காலும் அணையின் அடியும் வெளியே தெரியும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெருவெள்ளம் வந்தபோது, திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதே திங்கள் 22ஆம் நாள் இரவு, 1836ஆம் ஆண்டளவில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பெற்றது. உடைந்ததற்குக் காரணங்களைப் பொறியாளர்கள் ஆராயட்டும். ஆற்றின் அடியைத் தோண்டிவிட்டு அணையின் அடி உறுதியாய் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது என்பதை மட்டும் நாம் சொல்லலாம்.

கடற்கரை விரும்பும் அன்பர்கள் இதனைச் சிறப்பாகக் கேட்க வேண்டும். கடற்கரையில் நீங்கள் அமரும் மணல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆறுகள் கொண்டுசென்று கொடுத்தது. ஆறு கடலுக்குச் செய்யும் சீதனம் அது. அச்சீதனம் நின்றால் கடல் கரையை அரிக்கும், கடலோரத்தில் ஆற்றின் வழியே உப்புநீர் உள்ளேறும், விளைநிலம் கெடும். மழபாடியில் ஒரு கூடை மணலை அள்ளினால் கடற்கரையில் ஒரு கூடை குறைகிறது.

கொள்ளிடம் கடலைச் சேரும் பகுதியில் ஆச்சாள்புரம் என வழங்கும் நல்லூர்ப்பெருமணம் இருக்கிறது. அங்கும் ஒரு திருமணம் நடந்தது. வைகாசி மூலத்தில் திருஞானசம்பந்தப் பெருமான் மணக்கோலத்தோடு, மணம் காண வந்தார் அத்தனை பேரையும் உடன் அழைத்துக்கொண்டு, சிவசோதியில் கலந்தார். மழபாடியில் நந்தியெம்பெருமான் மணம். ஆச்சாள்புரத்தில் சம்பந்தப் பெருமான் மணம். ஒரே ஆற்றின் இடைவழியில் ஒன்று, முடிவில் ஒன்று. முன்னதில் மணமகன் உலகில் இருந்து குருவானார். பின்னதில் மணமகன் விருந்தினரை எல்லாம் வீட்டில் சேர்த்தார். இரண்டு மணத்துக்கும் இடையே பந்தல் விரித்ததுபோல் கிடக்கிறது கொள்ளிடத்து வெண்மணல். மணப்பந்தலைச் சுருட்டி விற்பவன் உறவினனாவானா?

பிறரைச் சொல்வதோடு நில்லாமல் நம்மையும் பார்ப்போம். முழுக்காடி எழுந்தவுடன் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுவருகிறோம். அதனைப் பாவம் கழித்ததாக எண்ணுகிறோம். கழித்தது பாவமன்று, குப்பை. கற்பூரம் வாங்கிய பையும் தண்ணீர் குடித்த புட்டியும் மணலில் கிடக்கின்றன. மழபாடி யார் வீடு என்று எண்ணுங்கள். இது பெண்வீடு. பெண்வீட்டுக்கு வந்தவர் பந்தியில் உண்டு, எச்சிலை முற்றத்தில் எறிந்துவிட்டுப் பெண்ணைப் பெற்றவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனால் உலகம் என்ன சொல்லும்? மாப்பிள்ளை வீட்டார் ஆகிய நமக்கு அந்த இழிவு வரலாமா?

வந்தால் தங்குக

அண்மையில் ஒரு வேனில் வந்த அன்பர்களை இக்கோயில் வாயிலில் கண்டோம். ஒரே நாளில் பன்னிரண்டு தலம் என்று அச்சிட்ட தாள் கையில் இருந்தது. "இங்கே என்ன விசேஷம்? எந்தப் பரிகாரம்?" என்று கேட்டார்கள். "சுவாமி இருக்கிறார்" என்றோம். "அது சரி, விசேஷம்?" என்றார்கள்! விடை கேட்கும் முன்பே ஓட்டுநர் ஒலி எழுப்பிவிட்டார். அவர்கள் நல்லவர்கள், விடியற்காலையில் பசியோடு புறப்பட்டவர்கள். ஆனால் பன்னிரண்டு வீட்டு வாயிலைத் தொட்டவர் ஒரு வீட்டிலும் விருந்தினராகார். பாடி என்றால் தங்குமிடம் என்று முன்பு கூறினோம். பெயரிலேயே அழைப்பு இருக்கிறது.

ஆகவே நாம் விண்ணப்பிப்பன நான்கு.

முதலாவது, நாளைய திருமணத்துக்கு வந்தவர்கள் விழா இல்லாத ஒரு நாளில் மீண்டும் வருக. திருவையாற்றிலிருந்து கொள்ளிடப் பாலம் கடந்து திருமானூர் வழியாகவும், திருச்சிராப்பள்ளியிலிருந்து இலால்குடி வழியாகவும், அரியலூரிலிருந்தும் வரலாம். 2007ஆம் ஆண்டு முதல் அரியலூர் தனி மாவட்டம். அதன் தென்னெல்லையில் ஆற்றங்கரையில் இருக்கிறது இவ்வூர்.

இரண்டாவது, வந்தால் ஒரு காலைப்பொழுதேனும் தங்குக. சந்நிதியில் கும்பிட்டு உடனே திரும்பாமல், நந்தியெம்பெருமான் பக்கத்தில் கால்நாழிகை அமர்க. ஒன்றும் கேட்க வேண்டா. கேட்காமல் அமர்ந்திருக்க நம்மால் முடிகிறதா என்று பார்ப்பதே பெரிய தவம்.

மூன்றாவது, சுந்தரர் பதிகத்தைப் பாடத் தெரிந்த பிள்ளைகளை அழைத்துவந்து இங்கேயே பாடச் செய்க. பாட்டுப் பிறந்த வீட்டில் பாட்டைக் கேட்கும் இன்பம் தனி. அப்பிள்ளை வளர்ந்து எந்த நாட்டில் குடியேறினாலும், அப்பாட்டைப் பாடும்போது இந்த வாயிலும் இந்த மணலும் கண்முன் வரும். நினைக்க மறவாத ஒருவரை நாம் உண்டாக்கினோம் ஆவோம்.

நான்காவது, ஆற்றங்கரைக்குச் செல்க, மணலில் நடக்க, நீர் உள்ள இடமும் ஆழமும் ஊராரைக் கேட்டறிந்தே இறங்குக. கொண்டுவந்ததை எல்லாம் திரும்ப எடுத்துச் செல்க. மணலை மட்டும் இங்கேயே விட்டுச் செல்க.

இதனால் அமைதி கெட்டுவிடாதா, எல்லாரும் வந்தால் இதுவும் இன்னொரு சந்தையாகிவிடாதா என்று சிலர் ஐயுறலாம். அமைதி என்பது ஆள் இல்லாமை அன்று. ஆள் இல்லாத வீட்டில் இருப்பது வெறுமை. அன்புடையார் பேசாது அமர்ந்திருக்கும் வீட்டில் இருப்பது அமைதி. மழபாடிக்கு வேண்டுவது கூட்டமன்று, வெறுமையுமன்று. நினைந்து வருபவர் நால்வர் எப்போதும் இருந்தால் போதும். விளக்கில் எண்ணெய் குறையாது. மணிக்கு நாக்குத் துருப்பிடிக்காது. ஆற்றுக்கு ஒரு கேடு வரும்போது கேட்க ஆள் இருக்கும். யாரும் வாராத ஊரின் ஆற்றை யாரும் காப்பதில்லை.

ஈராயிரம் பேர் கூடும் நாளில் வந்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஒருவரும் வாராத நாளில் வந்தவரை வயிரத்தூண்நாதன் அறிவான். ஆலம்பொழிலில் துயின்ற ஒருவரை மறவாமல் கனவில் சென்று அழைத்தவன் அவன். நம்மையும் அவன் மறக்கவில்லை. நாம் அவனை நினைக்க மறவாதிருக்க அவனருளே துணையாகுக என்று, அழகம்மை உடனாய வைத்தியநாதப் பெருமான் திருவடிகளையும் சுயசாம்பிகை உடனாய நந்தியெம்பெருமான் மலரடிகளையும் சிந்தித்து, இம்மட்டில் நிறைவு செய்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.